முகமூடிக்கு ஒரு நியாயம், முகத்துக்கு ஒரு நியாயம்

லடாக்கில் உள்ள திபெத்திய பௌத்த மடமான ஹெமிஸில் ஜூன், ஜூலை வாக்கில் குரு பத்மசம்பவரின் பிறப்பைக் கொண்டாடும் செச்சு விழா இரண்டு நாள் நடக்கும். முற்றத்தில் பிக்குகள் பட்டாடையும் முகமூடியும் அணிந்து ஆடுவார்கள். சுற்றியுள்ள மாடங்களிலும் படிகளிலும் ஊர்ச்சனம் ஃபிளாஸ்க், பிள்ளைகுட்டி, கையில் சுழலும் பிரார்த்தனைச் சக்கரம் சகிதம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். ஆட்டத்துக்கும் சனத்துக்கும் நடுவே இன்னொரு வரிசை உண்டு. முட்டி போட்டும் குந்தியும் கேமராவோடு இருப்பவர்கள். பத்திரிகைகளில் வரும் ஹெமிஸ் படங்களில் இந்த வரிசை தெரியாது. அது தெரியாத கோணத்தைத் தேடிப் பிடிப்பதுதான் அந்த வரிசையில் இருப்பவர்களுக்குப் பாதி வேலை.

இப்படிப்பட்ட விழாக்களில் மனிதர்களைப் படம் எடுப்பது சரியா, எந்த அளவுக்குச் சரி என்ற கேள்விக்குப் பயணக் கையேடுகள் ஒரே பதிலை வைத்திருக்கின்றன. கேட்டுவிட்டு எடு, ஃபிளாஷ் போடாதே, சன்னதிக்குள் எடுக்காதே, தொப்பியைக் கழற்று. இதில் தப்பு ஏதும் இல்லை. ஆனால் இதெல்லாம் விருந்துக்குப் போகிறவருக்குச் சொல்லும் ஒழுங்கு. விழா முடிந்து படத்தை ஊருக்கு எடுத்துப் போன பிறகு அது என்ன ஆகிறது என்பதைப் பற்றிக் கையேடு வாய் திறப்பதில்லை. திபெத்தியர் விஷயத்தில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது. எடுத்த படம் கடைசியில் யார் கையில் போய்ச் சேரும் என்று முதலில் யோசிக்க வேண்டும். விழாவில் இருக்கும் எல்லாரையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது. முகமூடிக்குள் இருப்பவருக்கு ஒரு நியாயம் என்றால், கூட்டத்தில் வெறும் முகத்தோடு நிற்பவருக்கு வேறு நியாயம்.

அதற்கு முன் ஒரு பழைய கட்டுக்கதையை ஒதுக்கிவிடலாம். மலைவாழ் மக்கள் கேமராவைக் கண்டால் அஞ்சுவார்கள், படம் எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்புவார்கள் என்ற பேச்சு திபெத்தைப் பற்றியும் உண்டு. நடந்த கதை வேறு. திபெத்தின் தலைநகரான லாசாவின் முதல் ஒளிப்படங்களில் சிலவற்றை எடுத்தவர்கள் யாத்ரீகர்களாக உள்ளே போன பௌத்த இனத்தவர்கள்தான். ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த கோம்போஜாப் சிபிகோவ் ஒரு புரியாத். ஓவ்ஷே நோர்சுனோவ் ஒரு கல்மீக். இருவரும் 1900, 1901 ஆண்டுகளில் எடுத்த படங்களை 1905 ஜனவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 11 பக்கங்களுக்கு வெளியிட்டது. சிபிகோவ் கேமராவைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்து எடுத்தார் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்படி ஒளித்தது சாமி குத்தத்துக்குப் பயந்து அல்ல. அன்றைய லாசா வெளிநாட்டாருக்கு அடைத்துக் கிடந்த ஊர். கேமரா வைத்திருப்பவர் வேவுகாரர் என்று பிடிபடலாம்.

13ஆம் தலாய் லாமா 1910இல் சீனப் படையிடமிருந்து தப்பி இந்தியாவுக்கு வந்தபோது கேமராவுக்கு முன் முறையாக அமர்ந்தார். பிரிட்டிஷ் அதிகாரி சார்லஸ் பெல் அந்தப் படத்தின் பிரதிகளைக் கொடுத்தபோது, வாங்கிய திபெத்தியர்கள் அவற்றைப் பூஜை மாடத்தில் வைத்து வணங்கினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். பெல் 1920–21இல் லாசாவில் தங்கிய காலத்துப் படங்களில் பலவற்றை எடுத்தவர் அவருடைய உதவியாளர் ரப்தேன் லெப்சா. பெயர் என்னவோ வெகுகாலம் துரைக்கே போய்க்கொண்டிருந்தது. லாசாவின் பிரபுக்களிலும் லாமாக்களிலும் சொந்தமாகக் கேமரா வைத்துப் படமெடுத்தவர்கள் இருந்தார்கள். 10ஆவது தேமோ ரின்போச்சே அவர்களில் ஒருவர். 1966இல் கலாச்சாரப் புரட்சியின்போது அவரையும் அவர் மனைவியையும் லாசா தெருவில் ஊர்வலமாக இழுத்துப் போனார்கள். குற்றத்துக்குச் சாட்சியாக அவருடைய கேமராவையே அவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். அதையும் ஒருவர் படம் எடுத்தார்: சீன ராணுவத்தில் இருந்த சேரிங் டோர்ஜே. அவருடைய மகள், எழுத்தாளர் சேரிங் வோசெர், தந்தை எடுத்த படங்களை 2006இல் தைவானில் புத்தகமாகக் கொண்டுவந்தார்.

கேமரா திபெத்தியருக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டு போகிறவர்தான் அங்கே புதியவர். இன்று எந்த விழாவிலும் பிக்குகளே செல்போனைத் தூக்கிப் பிடித்திருப்பதைப் பார்க்கலாம். ஹூ வேய் என்ற சீன இயக்குநர் 2013இல் எடுத்த ‘பட்டர் லேம்ப்’ என்ற குறும்படம் ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. ஊர் ஊராகச் செல்லும் ஒரு புகைப்படக்காரர் திபெத்திய மேய்ச்சல் குடும்பங்களை வரைந்த திரைச்சீலைகளுக்கு முன் நிறுத்திப் படமெடுக்கிறார். பின்னால் லாசாவின் போதாலா அரண்மனைத் திரை விழுந்ததும் ஒரு பாட்டி படத்துக்கு நிற்பதை விட்டுவிட்டு, திரும்பி அந்தத் திரையை நோக்கித் தரையில் விழுந்து கும்பிடத் தொடங்குகிறார். புகைப்படக்காரர் கெஞ்சிப் பார்க்கிறார். பாட்டி கேட்பதாக இல்லை. படம் எடுப்பவருக்குத் திரையாக இருப்பது எடுக்கப்படுபவருக்குச் சன்னதி. விழாக்களில் வரும் உரசல்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் வருகின்றன.

இனி ஆட்டத்துக்கு வருவோம். விழாவின் நடுநாயகம் ச்சாம் என்னும் முகமூடி ஆட்டம். நாம் ஆட்டம் என்கிறோம். ஆடுகிற பிக்குவுக்கு அது தியானம். தாம் ஏற்றிருக்கும் தெய்வமாகவே தம்மைப் பாவித்துக்கொண்டுதான் ஒவ்வொரு அடியும் வைக்கிறார். பல நாள் கதவுக்கு உள்ளே நடக்கும் வழிபாட்டின் ஒரு பகுதி மட்டுமே முற்றத்துக்கு வருகிறது. அடவுகளுக்கு எழுதிவைத்த நெறிநூல்கள் உண்டு. 5ஆம் தலாய் லாமாவின் பெயரோடு சேர்ந்த ஒன்று ஆய்வாளர்களிடையே பிரபலம். கருந்தொப்பி ஆட்டம் 842இல் லாங்தர்மா என்ற மன்னனை லாலுங் பெல்கி டோர்ஜே என்ற துறவி கொன்ற கதையை நினைவூட்டுவதாக மரபு: அங்கியின் அகலக் கைக்குள் வில்லை மறைத்துக்கொண்டு, ஆடியபடியே நெருங்கி, பௌத்தத்தை ஒடுக்கிய அரசனை எய்தார் என்பார்கள். முடிவில் மாவால் பிடித்த ஓர் உருவத்தை வெட்டிச் சிதைப்பார்கள். தீமையெல்லாம் அந்த மாவுப் பொம்மைக்குள் ஏற்றப்பட்டிருப்பதாக நம்பிக்கை.

முகமூடிகள் மரத்தில் குடைந்தவை, அல்லது துணியும் களிமண்ணும் படிப்படியாக ஒட்டிச் செய்தவை. தலையை விடப் பெரியவை. பலவற்றில் ஆடுபவர் பார்ப்பது முகமூடியின் கண் வழியே அல்ல. திறந்த வாயின் வழியே. அவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. முற்றத்தில் வரைந்திருக்கும் வட்டக்கோடுதான் அவருக்கு வழிகாட்டி. அந்தக் கோட்டைத் தாண்டி, அகலக் கோண லென்ஸோடு உள்ளே போய்க் குந்துகிறவர் மரியாதைக் குறைவாக நடந்தார் என்பது இருக்கட்டும். கண் மறைந்து சுழல்கிற ஒருவரின் காலடியில் போய் உட்கார்ந்திருக்கிறார். ஊர்ச்சனத்தை ஒதுக்கவும் சிரிக்க வைக்கவும் திரிகிற ஆத்சரா என்ற கோமாளி இப்படிப்பட்டவர்களைச் சும்மா விடுவதில்லை. அந்தக் கேலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த ஆட்டக்காரரைப் படம் எடுக்க, மடம் அனுமதித்தால், எனக்குத் தயக்கம் எதுவும் தெரியவில்லை. ஆட்டம் நடப்பதே ஊர் பார்ப்பதற்கு. பார்த்தாலே நன்மை என்று நம்பித்தான் மலைக் கிராமங்களிலிருந்து சனம் வருகிறது. ஹெமிஸில் 12 ஆண்டுக்கு ஒருமுறை, குரங்கு ஆண்டில், தங்கா என்ற மாபெரும் துணி ஓவியத்தை மாடியிலிருந்து விரித்துத் தொங்கவிடுவதும் அதற்காகவே. 2016இல் விரித்தார்கள், அடுத்தது 2028. முகமூடி போட்டவர் தம் பெயரையும் முகத்தையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். படத்தில் பதிவது மகாகாலனோ மான்முகனோ தவிர, எந்த ஊர் இன்னார் மகன் என்பதல்ல. சுழற்சியை உறைய வைக்க நொடியில் 500இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் போதும். அங்கி விசிறுவதைக் கோடாக இழுக்க 15இல் ஒரு பங்கு. கடல் மட்டத்துக்கு மேல் மூன்றரை ஆயிரம் மீட்டரைத் தாண்டிய வெயிலில் நடுப்பகல் படங்கள் வெளுத்துப் போகும். தொழில் சார்ந்து இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

அதே பிக்கு கொட்டகைக்குள் போய் முகமூடியைக் கழற்றி வியர்வை துடைக்கும்போது கணக்கு மாறிவிடுகிறது. இந்தக் காட்சி பத்திரிகைகளுக்கு மிகவும் பிடித்தது: சற்று முன் தெய்வம், இப்போது பதினேழு வயதுப் பையன். அந்தப் பையன் தெய்வ வேடத்தைத்தான் ஊருக்குக் கொடுத்தான். களைத்த முகத்தைக் கொடுக்கவில்லை. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பான். கேட்காமல் திரைக்குப் பின்னால் தலையை நுழைத்து எடுத்த படங்களுக்குத்தான் விருது கிடைக்கிறது என்பது இந்தத் தொழிலின் அசிங்கமான பக்கம்.

முகத்தைக் காட்டுவதும் மறைப்பதும் இந்த மரபில் சாதாரண விஷயம் இல்லை. லே நகருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பிதுக் மடத்தில் காவல் தெய்வங்களின் சன்னதி உண்டு. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் படிந்த சுவர்கள், உக்கிரமான உருவங்கள், முகங்களின் மேல் மட்டும் துணி தொங்கும். ஆண்டு முழுக்க அப்படியே. ஜனவரியில் வரும் குஸ்தோர் விழாவின்போது மட்டும் அந்தத் துணியை விலக்குகிறார்கள். கடுங்குளிரில் அந்த முகத்தைப் பார்க்கத்தான் வரிசை நிற்கிறது. லடாக்கில் சாக்யா பிரிவின் ஒரே மடமான மாத்தோவில் நாக்ராங் விழாவில் இரண்டு பிக்குகள் மேல் ரோங்த்சன் தெய்வங்கள் இறங்கும் என்பது நம்பிக்கை. மாதக்கணக்கில் தனித்திருந்து தியானம் செய்துவிட்டு வரும் அவர்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு மடத்தின் மாடி விளிம்புகளில் ஓடுவார்கள். குறி சொல்வார்கள். அவர்களைப் படம் எடுக்கக் கூடாது. எவ்வளவு ‘நல்ல படம்’ என்று நினைத்துப் பார்த்தால் ஒரு புகைப்படக்காரருக்குக் கை அரிக்கும். ஆனாலும் தடை தடைதான். சாமி வந்தவர் அந்த நேரத்தில் சம்மதமோ மறுப்போ சொல்லும் நிலையில் இல்லை என்ற ஒரு காரணம் போதும். கிழக்குத் திபெத்தில் ரெப்கோங் கிராமங்களின் லூரோல் விழாவில் கன்னத்தில் ஊசி குத்திக்கொள்ளும் இளைஞர்களைச் சுற்றி ஆண்டுதோறும் லென்ஸ்கள் மொய்ப்பதைப் பார்த்தால் மாத்தோக்காரர்களின் பிடிவாதம் புரியும்.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, விழாவுக்குப் போகிற புகைப்படக்காரர்களின் நினைவு அட்டையில் பாதிக்கு மேல் நிறைவது ஆட்டக்காரர்களால் அல்ல, கூட்டத்தால். சுருக்கம் விழுந்த பாட்டி, பவளமும் பச்சைக்கல்லும் கோத்த தலை, தாயின் முதுகில் தூங்கும் குழந்தை, நெற்றி காய்ப்பேறும்படி தரையில் விழுந்து விழுந்து வலம் வரும் யாத்ரீகர். இவர்கள் யாரும் நடிக்க வந்தவர்கள் இல்லை. திபெத்தியர் கோயிலையும் தூபியையும் மலையையும் வலமாகச் சுற்றுவார்கள். ‘போன்’ என்ற திபெத்தியச் சமய மரபினர்தான் இடமாகச் சுற்றுவார்கள். வலம் வரும் கூட்டத்தோடு சேர்ந்து நடந்தால் கேமராவுக்குக் கிடைப்பது முதுகுகள்தான். முகம் வேண்டும் என்றால் எதிர்த் திசையில் நடக்க வேண்டும். விழா நாளில் கவனித்துப் பார்த்தால், ஆயிரம் பேர் ஒரு பக்கம் நகர, கேமராவோடு இருக்கும் சிலர் மட்டும் எதிர்நீச்சல் போட்டு வருவது தெரியும். ஒருவர் கும்பிட்டு விழும் பாதையிலேயே படுத்துக்கொண்டு எடுப்பவர்களும் உண்டு. கேட்டுவிட்டு எடு என்பதைத் தவிர, கையேட்டில் உள்ள ஒழுங்கு எதையும் இவர்கள் மீறவில்லை; ஃபிளாஷ் கூடப் போடவில்லை.

இதற்குத் தீர்வாகச் சிலர் நீள லென்ஸைச் சொல்வார்கள். தூரத்திலிருந்து எடுத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லையாம். தொந்தரவு இல்லை என்பது உண்மை. மறுக்கவும் வாய்ப்பில்லை என்பதும் உண்மை. 200 மில்லிமீட்டரில் எடுக்கப்படுபவருக்குத் தாம் எடுக்கப்படுவதே தெரியாது. 35 மில்லிமீட்டர் வைத்திருப்பவர் பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, லடாக்கில் என்றால் ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லித்தான் ஆக வேண்டும். மத்திய திபெத்திய வழக்கில் ‘பார் கியாப்னா டிகி ரெபே?’ என்று கேட்டால் போதும்: படம் எடுத்தால் பரவாயில்லையா? கையசைத்து மறுப்பவர்கள் இருப்பார்கள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நிற்பவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். ‘இயல்பான’ படம் போய்விட்டதே என்று அலுத்துக்கொள்வது வழக்கம். எனக்கு அந்த விறைத்த படங்கள்தான் பிடிக்கும். அவை எடுக்கப்பட்டவரும் சேர்ந்து எடுத்த படங்கள்.

இங்கேதான் அரசியல் வந்து சேர்கிறது. த்சோங்கபா என்ற லாமா 1409இல் லாசாவில் தொடங்கிய மோன்லாம் என்னும் பிரார்த்தனைப் பெருவிழா கலாச்சாரப் புரட்சிக்குப் பிறகு 1986இல் மீண்டும் நடந்தது. 1988 விழாவின்போது ஆர்ப்பாட்டமும் கைதுகளும் நிகழ்ந்து, சில ஆண்டுகளில் நின்றும் போயிற்று. இன்று திபெத் தன்னாட்சிப் பகுதிக்குள் வெளிநாட்டுப் பயணிகளைப் பிப்ரவரி, மார்ச் வாக்கில் விடுவதே இல்லை. அதனால் மோன்லாமைப் பார்க்க விரும்புகிறவர்கள் கான்சு மாநிலத்தில் 1709இல் எழுந்த லாப்ராங் மடத்துக்குப் போகிறார்கள். எங்கே போனாலும் ஒன்று மாறாது: விழா என்பது கூட்டம் கூட அனுமதிக்கப்பட்ட நாள், ஆகவே அரசு கூர்ந்து பார்க்கும் நாள்.

2007 ஆகஸ்டில் லித்தாங் குதிரை விழாவில் ருங்கியே அதாக் என்ற மேய்ப்பர் மேடையேறி, தலாய் லாமா திரும்பி வர வேண்டும் என்று பேசினார். எட்டு ஆண்டு சிறை. அந்தச் சம்பவத்தின் படங்களை வெளிநாட்டுக்கு அனுப்ப முயன்றதாக வழக்குப் போடப்பட்ட மற்ற இருவருக்கு அவரை விட அதிகத் தண்டனை: ஒருவருக்கு ஒன்பது ஆண்டு, இன்னொருவருக்குப் பத்து. பேசியவனை விடப் படம் அனுப்பியவன் பெரிய குற்றவாளி என்று நீதிமன்றம் மதிப்பிட்ட கணக்கு அது. திபெத்தில் 2008 மார்ச்சில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, ஒளிப்பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த முகங்கள் ‘தேடப்படுவோர்’ பட்டியலாக வந்தன. 2012 ஜனவரியில் போத் கயாவில் தலாய் லாமா நடத்திய காலச்சக்கர தீட்சை விழாவுக்குத் திபெத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து போனார்கள்; திரும்பியவர்களில் நூற்றுக்கணக்கானோரைப் பிடித்து ‘மறுகல்வி’ முகாம்களில் வைத்ததை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. 2017 காலச்சக்கரத்துக்கு வரவிருந்தவர்களின் கடவுச்சீட்டுகள் முன்கூட்டியே பறிக்கப்பட்டன.

திபெத்தில்தான் தெருவுக்குத் தெரு கண்காணிப்புக் கேமரா இருக்கிறதே, நம்முடைய ஒரு கேமரா என்ன கூடுதலாகச் செய்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கேமராக்கள் பார்ப்பது ஊருக்குள் நடப்பதை. ஒருவர் எல்லை தாண்டி வந்து தரம்சாலாவிலோ போத் கயாவிலோ யார் படத்துக்கு முன் கும்பிட்டார், யாரோடு நின்றார் என்பதை அவற்றால் பார்க்க முடியாது. அதைப் பார்ப்பது நம் கேமரா. பார்த்ததை ஊர்ப் பெயரோடும் தேதியோடும் இணையத்தில் போடுவதும் நாம்தான். தரம்சாலா சுக்லகாங் கோயிலில் தலாய் லாமா உபதேசம் செய்யும்போது கேமராவை உள்ளே விடுவதில்லை என்றால், பாதுகாப்பு ஏற்பாடு என்பதோடு இந்தக் கோணத்திலும் அது நல்லதுதான்.

இதற்கு நேர்மாறான உண்மையும் இருக்கிறது. எல்லா முகத்தையும் மறைத்துவிட்டால் திபெத்தியர் என்ற மக்களே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்துபோவார்கள். தோண்டுப் வாங்சென் 2007, 2008 ஆண்டுகளில் சாதாரணத் திபெத்தியர்களைப் பேசவைத்து ‘லீவிங் ஃபியர் பிஹைண்ட்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பேசியவர்களில் பலர் முகத்தை மறைக்க வேண்டாம் என்று தாமே சொன்னவர்கள். எடுத்தவருக்கு ஆறு ஆண்டு சிறை கிடைத்தது. விளைவு தெரிந்து முகத்தைக் காட்டுவது அவர்களுடைய துணிவு. தெரியாத ஒருவரின் முகத்தை நாம் எடுத்துக் காட்டிவிட்டு அதற்குத் துணிவு என்று பெயர் வைக்க முடியாது. பேமா சேதேன் இயக்கிய ‘தார்லோ’ (2015) படத்தில் ஓர் ஆட்டு மேய்ப்பர் அடையாள அட்டைக்காகப் படம் எடுக்கப் போவதிலிருந்துதான் எல்லாச் சிக்கலும் ஆரம்பமாகிறது. அட்டையில் ஏறும் முகத்தோடு அவர் வாழ்க்கையே திசை மாறிவிடும். திபெத்தியரிடம் ‘ஒரு படம்தானே’ என்று சொல்வதற்கு முன் ‘தார்லோ’வைப் பார்த்துவிடுவது நல்லது.

காசு விஷயம் சிறிய விஷயம். நிற்பதற்குக் காசு கேட்பவருக்குக் கொடுப்பதில் பாவம் எதுவும் இல்லை. அவர் நேரத்துக்கு விலை அது. குழந்தைகளுக்கு மட்டும் வேண்டாம், பள்ளிக்குப் போகாமல் விழா விழாவாக நிற்கப் பழகிவிடும். படத்தின் பிரதியை அனுப்புவதாக வாக்குக் கொடுத்தால் அனுப்ப வேண்டும். ஆனால் எந்தப் படத்தையும் பரிசாகக் கொடுத்துவிட முடியாது. 1980களில் திபெத்துக்குப் போன பயணிகள் தலாய் லாமா படங்களை அள்ளிக்கொண்டு போய்ப் பரிசாகக் கொடுத்தார்கள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து அந்தப் படத்தை வைத்திருப்பதே ஆபத்து. இன்றும் அப்படிக் கொடுக்க நினைப்பவர் தமது நல்லெண்ணத்துக்கான விலையை வேறொருவர் தலையில் கட்டுகிறார்.

நம் பக்கத்திலிருந்து இந்த விழாக்களுக்குப் போக இமயம் வரை ஏற வேண்டியதில்லை. மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் 1960களின் தொடக்கத்திலிருந்தே திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பேனோர் ரின்போச்சே 1963இல் நிறுவிய நம்ட்ரோலிங் மடத்தில் லோசர் புத்தாண்டுக்கு முந்தைய நாட்களில் ச்சாம் நடக்கும். கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் கேமராவோடு போகிற கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அங்கிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்தியக் குடிமக்கள் அல்ல. அரசு தரும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டு வாழ்கிறவர்கள். பலருடைய உறவுகள் இன்னும் எல்லைக்கு அப்பால் இருக்கிறார்கள்.

அங்கே போகிறவர்கள் ஆட்டத்தை ஆசைதீர எடுங்கள். கூட்டத்தில் ஒருவரை எடுப்பதற்கு முன் கேளுங்கள். பொதுவில் போடப் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். ‘திபெத்திலிருந்து வந்திருக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் கேமராவைக் கீழே இறக்கிவிடுங்கள். போத் கயாவிலும் தரம்சாலாவிலும் எடுத்த பழைய படங்களைச் சமூக ஊடகத்தில் போட்டு வைத்திருப்பவர்கள், யாத்ரீகர்களின் முகம் அடையாளம் தெரிகிற படங்களை இன்றைக்கே நீக்கிவிடுங்கள்.